அபு சிம்பல் பந்தயம்

என் இடது கால் முட்டிக்குக் கீழே என்னுடையது இல்லை. அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும். தொப்பூர் மலைப்பாதையில், தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் இறக்கத்தில், ரோட்டை ஒட்டி எங்கள் சாப்பாட்டுக் கடை இருந்தது. லாரிக்காரர்களுக்கு மதியம் களியும் கருவாட்டுக் குழம்பும், மற்ற நேரமெல்லாம் தோசை. களி என் பொறுப்பு, தோசைக்கல் என் வீட்டுக்காரர் பொறுப்பு. இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, கடை வாசலில் டிரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து பிரேக் பிடிக்காமல் வந்த லாரி எங்கள் முன்பந்தலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. பந்தல் போனது, டிரம் போனது, என் கால் போனது. டிரைவருக்குச் சின்னக் காயம்தான். அவரை நான் திட்டவில்லை என்று சொன்னால் அது பொய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், நினைவு தப்பும்வரை திட்டினேன்.

ஐந்தாம் மாதம் செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஆறாம் மாதம் களித் துடுப்பைக் கையில் எடுத்தேன். களி கிளறுவது நின்று செய்கிற வேலை. இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் துடுப்பில் இறக்கி, மாவை அடியிலிருந்து புரட்ட வேண்டும். முதல் நாள் பானையோடு சேர்ந்து விழப் பார்த்தேன். பத்தாம் நாள் கட்டி தட்டாமல் வந்தது. அன்றைக்குக் களி உருண்டையைத் தட்டில் வைத்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். மனுஷர் முழுதும் சாப்பிட்டார், தட்டையும் அவரே கழுவி வைத்தார்.

பந்தலை மறுபடியும் அதே இடத்தில் போடச் சொன்னேன். ஓர் அடி கூடத் தள்ளக் கூடாது என்றேன். வந்தவர் போனவர் எல்லாம் புத்தி சொன்னார்கள். "கொஞ்சம் உள்ளாற தள்ளிப் போட்டுக்கங்களேங்க" என்று காய்கறி கொண்டுவருகிறவர் கூடச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லாரி தப்பாக வந்ததற்கு நான் ஏன் நகர வேண்டும்? பயந்து ஓடிவிட்டாள் என்று நாலு பேர் பேசுவதற்குப் பதில் இன்னொரு காலும் போகட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் மகன் மட்டும் விடவில்லை. அவன் எகிப்தில், கெய்ரோவுக்கு வெளியே ஒரு துணி ஆலையில் சூப்பர்வைசர். திருப்பூரில் தொழில் கற்றுக்கொண்டு போனவன். தருமபுரி டவுனில் வீடு கட்டி முடித்திருந்தான். கடையை வேறு யாருக்காவது விட்டுவிட்டு, நானும் அவன் அப்பாவும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும் என்பது அவன் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவான். முதல் ஐந்து நிமிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா. ஆறாவது நிமிடம் சண்டை.

"டவுன்ல உக்காந்து நான் என்னாடா செய்யறது? செவுத்தயா பார்க்கறது?"

"செவுரு ஓடி வந்து மேல மோதாதும்மா."

"உன் பேச்சு நல்லா இருக்குது. போன வைடா."

ஒரு ஞாயிறு அவன் சில படங்களை அனுப்பினான். கூட வேலை பார்ப்பவர்களோடு அபு சிம்பல் என்ற ஊருக்குப் போய் வந்திருந்தான். எகிப்தின் தெற்குக் கோடி, பாலைவனத்துக்குள். ஒரு மலையையே குடைந்து கோயில். வாசலில் மலை முகத்தில் நான்கு ராஜா சிலைகள், பனைமர உயரத்துக்கு உட்கார்ந்திருந்தன. நான்கும் ஒரே ராஜாவாம். அதில் இரண்டாவது ராஜாவுக்கு இடுப்புக்கு மேல் எதுவுமே இல்லை. தலையும் தோளும் உடைந்து காலடியில் கிடந்தன. ஆனால் மடியும் இரண்டு கால்களும் அசையாமல் அப்படியே இருந்தன. எனக்கு நேர் எதிர். போனைக் கிட்டே வைத்து அவரையே ரொம்ப நேரம் பார்த்தேன்.

"இது எத்தன வருசத்துக் கோயிலு?"

"மூவாயிரத்துக்கு மேல இருக்கும்மா."

"மூவாயிரம் வருசமா அதே எடத்துல உக்காந்திருக்கறாரு பாரு. பாதி உடம்பு போயும் எந்திரிச்சுப் போவல. என்னை மட்டும் எந்திரி எந்திரிங்கற."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, சட்டென்று ஒரு பந்தயம் போட்டான். நான் எகிப்துக்கு வர வேண்டும். அந்தக் கோயிலுக்கு வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடைசி அறை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். வீல்சேர் கூடாது, கம்பு கூடாது, யார் கையையும் பிடிக்கக் கூடாது, நடுவில் உட்காரக் கூடாது. செய்துவிட்டால் கடையைப் பற்றி அவன் இனி வாயே திறக்க மாட்டான். முடியாவிட்டால் ஊருக்குத் திரும்பியதும் கடையைக் காலி செய்துவிட வேண்டும்.

"உக்காந்தா தோத்த. சரியா?"

"சரிடா" என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால், நான் ஒத்துக்கொள்வேன் என்று எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றிருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான். அவர் எப்போதுமே அளந்து பேசுகிறவர்.

அதற்கப்புறம் மூன்று மாதம், விடிந்தும் விடியாததுமாக எழுந்து, வண்டி ஓடாத பழைய மலை ரோட்டில் நடந்தேன். ஏற்றம் பெரிதில்லை. இறக்கம்தான் இந்தக் காலுக்கு எதிரி. கீழே இறங்கும்போது செயற்கைப் பாதம் தானாக மடங்காது. அதன் மேல் எப்போது பாரத்தை வைப்பது, எப்போது எடுப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டும். மீதிக் கால், அதை நுழைத்துக்கொள்கிற பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உரசிச் சிவந்துவிடும். வியர்த்தால் வழுக்கும். அதற்குள் போடும் உறையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுப் பார்த்தேன், மூன்றாகப் போட்டுப் பார்த்தேன். எனக்கு இரண்டுதான் சரி என்று ஒருவாறு பிடிபட்டது. பால்காரர் தினமும் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டுவார், நான் விழுந்தால் தூக்கலாம் என்று. ஒரு நாள் நிறுத்தி, "நீங்க உங்க வேலையப் பாருங்க சாமி" என்று கும்பிட்டேன்.

பெங்களூர் ஏர்போர்ட்டில் உலோகம் சோதிக்கிற வாசல் வழியே நுழைந்ததும் என் காலுக்கு அது கூவியது. சோதனை செய்த பெண் புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். பார்த்துவிட்டு, "வீல்சேர் சொல்லட்டுமாம்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கன்னடம் தெரியும். "பேடம்மா, நடக்கத்தான் போறேன்" என்று பாதி கன்னடம் பாதி தமிழில் சொன்னேன். ஏர்போர்ட் பந்தயத்தில் வராது என்று மகன் முன்னாலேயே சொல்லியிருந்தான். எனக்கு வரும்.

கெய்ரோவில் நான்கு நாள் அவன் அறையில் ஓய்வு. பிறகு ரயிலில் அஸ்வான். அங்கிருந்து காலையில் ஒரு வேன். இரண்டு பக்கமும் மணல், மணல், மணல்தான். ஓர் ஆடு கிடையாது, ஒரு முள்செடி கிடையாது. எங்கள் ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் பார்க்கிற லாரிகளை அங்கே மூன்று மணி நேரத்தில் பார்க்கவில்லை. "இந்த ரோட்டுல கடை போட்டா ஈதாம்மா ஓட்டணும்" என்றான் மகன். ஈயும் இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

வேன் நின்றது. இறங்கும்போது அவன் கை பழக்கத்தில் என் பக்கம் நீண்டது. நான் அந்தக் கையைப் பார்த்தேன், அவன் எடுத்துக்கொண்டான். பந்தயம் தொடங்கிவிட்டது.

டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து பார்த்தால் கோயில் தெரியாது. மலையின் முதுகுதான் தெரியும். பொடிக்கல் போட்ட பாதை அதைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. இறக்கம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதம் எதில் நடந்தேனோ அதையே கொண்டுவந்து விரித்து வைத்திருந்தார்கள். பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்கினேன். வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. இன்னொரு கூட்டமும் தாண்டியது. மகன் எனக்கு இரண்டடி பின்னால், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வந்தான். கையை வெளியே விட்டால் தானாகப் பிடித்துவிடும் என்று பயம் போல.

மலையின் மூலை திரும்பியதும் இடது கைப் பக்கம் அந்த நான்கு பேர். போனில் பார்த்தது ஒன்றுமே இல்லை. அவர்கள் சுண்டு விரல் என் கை அளவு இருக்கும் போலிருந்தது. வலது கைப் பக்கம் ஏரி, கரை தெரியாத ஏரி, நீலமாக. பாதி உடம்பு போன ராஜாவின் முன்னால் போய் நின்றேன். அவர் தலை கீழே மணலில் கிடந்தது. மனசுக்குள், நீயும் நானும் நகர மாட்டோம் என்றேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், கண் கலங்கிவிட்டது.

வாசலில் நுழையும்போது தானாகக் குனிந்து ஷூவைக் கழற்றப் போனேன். கோயில் என்றால் கழற்றாமல் எப்படி? ஆனால் என் செயற்கைப் பாதம் ஷூவின் உயரத்துக்கு அளந்து பொருத்தியது. ஷூவைக் கழற்றினால் உடம்பு பின்னால் சாயும். ராஜா மன்னிக்கட்டும் என்று ஷூவோடு போனேன். உள்ளே வெளிச்சம் குறைந்தது, குளிர்ச்சியாக இருந்தது. முதல் மண்டபத்தில் இரண்டு வரிசையாக ராஜாவே தூணாக நிற்கிறார், நாலும் நாலும் எட்டுப் பேர், கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு. சுவர் முழுக்கச் சண்டைக் காட்சிகள். தேர், குதிரை, வில், கீழே மிதிபடுகிற ஆட்கள். தரையில் மரப்பலகை போட்டிருந்தார்கள், நடக்கச் சுலபம். அதைத் தாண்டினால் இரண்டாவது மண்டபம், சின்னது. நான்கு சதுரத் தூண்கள்.

இங்கேதான் என் புத்தி கெட்டது.

நான் பிறந்து வளர்ந்தது தருமபுரி கோட்டைத் தெருப் பக்கம். கோட்டைக் கோயிலில் இரண்டு தூண்கள் தரையில் ஊன்றாமல் மேலேயிருந்து தொங்கும். அடியில் ஒரு நூல் அளவு இடைவெளி. போகிறவர்கள் எல்லாம் கையிலிருக்கிற காகிதத்தையோ துண்டையோ இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுப்பார்கள். சாமியைக் கும்பிட மறந்தாலும் அதை மறக்க மாட்டோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கூட, மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய்த் தூணுக்கு அடியில் பஸ் டிக்கெட்டை விட்டுக் காட்டினார்கள். அந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கல்தூணைக் கண்டால் அடியில் ஏதாவது விட்டுப் பார்க்காமல் கை சும்மா இருக்காது.

அந்த மண்டபத்தில் தூணின் அடியில் கோடு போல ஒரு நிழல் தெரிந்தது. அவ்வளவுதான். எதையும் யோசிக்கவில்லை. கைப்பையிலிருந்து வேன் டிக்கெட்டை எடுத்தேன், இடது காலை முன்னால் நீட்டித் தரையில் உட்கார்ந்தேன், டிக்கெட்டைத் தூணுக்கடியில் சொருகப் பார்த்தேன். அது போகவில்லை. கொஞ்சம் தள்ளிச் சொருகினேன்.

யாரோ சத்தம் போட்டபடி ஓடிவந்தார்கள். நிமிர்ந்தால், நீள அங்கியும் தலைப்பாகையுமாக ஓர் உயரமான மனிதர், கையில் பெரிய பித்தளைச் சாவி. கோயில் காவல்காரர். ஆங்கிலத்தில் "நோ, நோ" என்றார், பிறகு அரபியில் பொரிந்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. என் மகன் ஓடிவந்து அவரிடம் அரபியில் மன்னிப்புக் கேட்டான். அவன் காது வரை சிவந்திருந்தது.

"என்னாம்மா செய்யற நீ? வேண்டுதல் சீட்டு சொருகறன்னு நெனச்சுட்டாரு. கல்லக் கீறறன்னு நெனச்சுட்டாரு."

"தொங்குதான்னு பார்த்தண்டா."

"எது?"

"தூணு."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு காவல்காரரிடம் விளக்கினான். எங்கள் ஊரில் இப்படி ஒரு தூண் இருக்கிறது, அம்மா அதே நினைப்பில் செய்துவிட்டாள் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னான். அவர் முகம் இளகியது. சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் உட்கார்ந்தால் தோல்வி என்று பேசிவிட்டு, யாரும் தள்ளாமல், கால் வலிக்காமல், நானாகவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். மூன்று மாத நடை, ஒரு வேன் டிக்கெட்டில் போனது.

காவல்காரர் என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். மகனும் நீட்டினான். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன், அவரும் தள்ளி நின்றார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி ஒருக்களித்தேன். நல்ல காலை மடக்கி முன்னால் கொண்டுவந்து பாதத்தைப் பதித்தேன். இரண்டு கையையும் அந்த முட்டி மேல் வைத்து அழுத்தி எழுந்தேன். முதல் முறை பாதி வழியில் திரும்ப விழுந்தேன். இரண்டாம் முறை தொடை நடுங்கியது, ஆனால் நின்றுவிட்டேன். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

காவல்காரர் தூணைக் காட்டி ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்த்தான்.

"இதுக்கடியில ஒண்ணும் போவாதாம்மா. தரையும் தூணும் ஒரே கல்லாம். ஆனா இது மொதல்ல இங்க இல்லியாம்."

"எது இங்க இல்ல?"

"கோயிலே."

எனக்கு விளங்கவில்லை. காவல்காரர் பக்கத்துச் சுவரைக் காட்டினார். உற்றுப் பார்த்தால், சிற்பத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. ராஜாவின் தோளை வெட்டிக்கொண்டு நேராகப் போனது. அது விரிசல் இல்லை, ரம்பம் போன கோடு. அறுபது வருடத்துக்கு முன்னால் நைல் ஆற்றில் பெரிய அணை கட்டினார்களாம். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததாம். கோயில் முழுகிவிடும் என்று தெரிந்ததும், மலையையும் சிலையையும் தூணையும் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, மேட்டுக்குக் கொண்டுவந்து திரும்ப அடுக்கினார்களாம். நாங்கள் நிற்கிற கோயிலுக்கு மேலே இருக்கிற மலையே கட்டின மலையாம், உள்ளே கான்கிரீட்டாம். அவருடைய அப்பா அந்த வேலையில் கல் சுமந்தவராம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை தூரம் வந்து, வெளியே அந்த உடைந்த ராஜாவிடம் நீயும் நானும் நகர மாட்டோம் என்று கண் கலங்கி நின்றேனே. அவர் நகர்ந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு இது மொதல்லயே தெரியுமாடா?"

"தெரியும்மா."

"ஏன் சொல்லல?"

"நீ அந்த ராசாவக் காட்டித்தான வர ஒத்துக்கிட்ட. சொன்னா வந்திருக்க மாட்ட."

உள்ளே நடந்தேன். தோற்ற பந்தயமானாலும் கடைசி அறையைப் பார்க்காமல் திரும்புவதாக இல்லை. அது சின்ன அறை. நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் சாமிகள், ஒருவர் அதே ராஜா. தன்னையும் சாமிகளோடு சாமியாக உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார். விட்டால் எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர்களும் செய்வார்கள். பூவில்லை, விளக்கில்லை, பூசை செய்ய ஆளில்லை. பின்னாலேயே வந்த காவல்காரர் மெதுவாகச் சொன்னார், மகன் அதைவிட மெதுவாகத் தமிழில் சொன்னான். வருடத்தில் இரண்டு நாள், காலை வெயில் வாசலில் நுழைந்து, இரண்டு மண்டபத்தையும் தாண்டி, இந்த அறை வரைக்கும் வந்து இவர்கள் முகத்தில் விழும். மலையைத் துண்டாக்கிக் கொண்டுவந்த பிறகும் வெயில் வருகிறது. என்ன, ஒரு நாள் தள்ளி வருகிறதாம்.

நான் அங்கே ரொம்ப நேரம் நின்றேன். மீதிக் கால் கிண்ணத்துக்குள் எரிந்தது. இவர்களைத் தூக்கி வந்தவர்களுக்கும் பயம்தானே காரணம். தண்ணீர் வருகிறது, முழுகிவிடும் என்ற பயம். அதற்காக யாரும் இந்த ராஜாவைக் கோழை என்று சொல்லவில்லை. பிடித்த இடத்திலேயே கிடந்திருந்தால் நான் இன்றைக்கு யாரைப் பார்க்க வந்திருப்பேன்? இரண்டு வருடமாக நான் எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்? களியையும் குழம்பையும் பிடித்திருந்தேன், அது சரி. சாப்பிட வருகிறவர்களைப் பிடித்திருந்தேன், அதுவும் சரி. ஆனால் அந்தப் பத்தடி மண்ணை எதற்குப் பிடித்திருந்தேன் என்று கேட்டுக்கொண்டபோது, கோபத்தைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

திரும்பி வெளியே வரும்வரை யார் கையையும் பிடிக்கவில்லை. ஏரிக் கரையில் ஒரு கல் பெஞ்சு இருந்தது. மகன் அதைத் துடைத்தான்.

"உக்காரும்மா. நீ செயிச்சுட்ட. கடைய நீயே பாத்துக்க, நான் இனிமே பேச மாட்டன்."

"உள்ளதான் உக்காந்துட்டனே."

"அது கணக்குல வராது. கால் முடியாம உக்காந்தாத்தான் கணக்கு."

அவன் அதைச் சொன்னபோது முகம் வாடியிருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று விட்டுக்கொடுக்கிற ஆளின் முகம். எனக்கு அவன் மேல் பாசம் பொங்கியது, என் மேல் எரிச்சலும் வந்தது. "அப்பாவுக்குப் போன் போடு" என்றேன்.

நம் ஊரில் மதியம் தாண்டியிருக்கும், கடையில் கூட்டம் கொஞ்சம் அடங்கும் நேரம். வீட்டுக்காரர் எடுத்தார். பின்னால் தோசைத் திருப்பி கல்லில் உரசுகிற சத்தம், ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம்.

"என்னாங்க, ஒண்ணு கேக்கறன். கடைய மூடக் கூடாது. ஆனா ரோட்ட வுட்டுக் கொஞ்சம் நகத்திப் போட்டா என்னா?"

"இரு, அடுப்ப அமத்திட்டு வர்றன்" என்றார். கடை திறந்திருக்கும்போது அவர் அடுப்பை அணைத்து நான் பார்த்ததில்லை.

"அந்தப் பாறைக்கு அந்தாண்ட மேட்டு நெலம் இருக்குதில்ல" என்றார் திரும்ப வந்து. "ரோட்டுக்கும் அதுக்கும் நடுவுல பாறை. லாரி வந்தாலும் பாறைலதான் மோதும். வண்டி நிறுத்தறதுக்கும் எடம் இருக்குது. நெலத்துக்காரர்கிட்ட நான் பேசி வெச்சு எட்டு மாசம் ஆவுது."

"எட்டு மாசமா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அந்த எடத்துலயே நிக்கணும்னு நிக்கற. இந்தக் கால வெச்சுக்கிட்டு நீயே பயப்படாம நிக்கறப்ப, ரெண்டு காலும் இருக்கற நான் பயமா இருக்குதுன்னு எப்பிடிச் சொல்றது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பந்தல மறுபடி போட்டப்ப தோசைக்கல்ல நான் திருப்பி வெச்சன் இல்ல" என்றார் அவர். "பொக சாப்புடறவங்க மூஞ்சில அடிக்குதுன்னு நீ கூடத் திட்டின. ரோட்டப் பாத்து நிக்கறதுக்குத்தான் திருப்பினன். மேல இருந்து எது எறங்குனாலும் பார்த்துக்கிட்டுத்தான் நிப்பன். ரெண்டு வருசமா ரோட்டுக்கு முதுகக் காட்டி நான் ஒரு தோச ஊத்தினதில்ல."

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வைராக்கியம் வைராக்கியம் என்று நான் நிமிர்ந்து களி கிளறிய ஒவ்வொரு நாளும், எனக்கு நாலடி தள்ளி ஒரு மனுஷர், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், எனக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தார். அவரை நான் புகைக்குத் திட்டியிருக்கிறேன். எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். "வந்ததும் நகத்திடலாம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. போனை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

ஊர் வந்து சேர்ந்த மறு வாரமே வேலையை ஆரம்பித்தோம். பந்தல் காலைப் பிடுங்க ஆள் வந்திருந்தார். முதல் கடப்பாரையை நான் வாங்கிப் போட்டேன். என் கால் போன இடத்து மண்ணைப் பார்த்தேன், சும்மா மண்ணாகத்தான் இருந்தது. புதுக் கடை திறந்து ஐந்து மாதம் ஆகிறது. ரோட்டிலிருந்து தெரியாததால் முதலில் வண்டிகள் குறைந்தன. பிறகு பழைய டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, பாறையைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். களி பானை பெரிதாகிவிட்டது.

அடுப்பை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று மேஸ்திரி என்னிடம்தான் கேட்டார். சுவரைப் பார்த்துக் கட்டச் சொன்னேன். திறந்த அன்று காலை, மாவுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் கல்லில் மாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பனியன் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த முதுகை எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டே நின்றேன். பாறைக்கு அந்தப் பக்கம், இறக்கத்தில் ஒரு லாரி பிரேக் அலற இறங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.